ஒரே ஊசியில் பல தவணை



கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒரு சிறிய புத்தகம் கட்டாயம் இருக்கும். கிளினிக்கில் கொடுத்த புத்தகம் அது. எந்த மாதத்தில் எந்த ஊசி, எது போட்டாயிற்று, எது பாக்கி என்பதையெல்லாம் தாதி அதில் குறித்துத் தருவார். குழந்தை பிறந்தவுடன் காசநோய்க்கும், கல்லீரலைத் தாக்கும் 'பி' வகை மஞ்சள் காமாலைக்கும் ஊசி. பிறகு 2, 3, 5 மாதங்களிலும், மறுபடி 18-ஆவது மாதத்திலும் ஆறு நோய்களுக்குச் சேர்த்து ஓர் ஊசி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இசிவு நோய், இளம்பிள்ளை வாதம், மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் கிருமி, மஞ்சள் காமாலை ஆகியவையே அந்த ஆறு. இடையில் 4, 6, 15 மாதங்களில் நிமோனியாவைத் தடுக்கும் ஊசி. 9, 12 மாதங்களில் தட்டம்மை முதலியவற்றுக்கு ஊசி. இதுதான் இன்று மலேசியாவில் உள்ள அட்டவணை.

இதைப் பார்க்கும் தாய்மார்கள், "இத்தனை தடவை ஏன்? எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் ஆகிவிடுகிறது. அன்றைய சம்பளம் போய்விடுகிறது. தோட்டம் உள்ளே தள்ளி இருந்தால் வண்டிக்கும் காத்திருக்க வேண்டும். குடும்பம் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு மாறும்போது புத்தகம் மூட்டைக்குள் போய்விடுகிறது, ஊசி நாளும் மறந்துபோகிறது.

இதே கேள்வியை விஞ்ஞானிகளும் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் தேடிய விடைகளில் ஒன்று, உடலுக்குள் தானாகக் கரையும் மிக நுண்ணிய மணிகளில் தடுப்பு மருந்தை அடைத்துச் செலுத்துவது. அது என்ன, எப்படி வேலை செய்கிறது, எதுவரை வந்திருக்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், தடுப்பூசியைத் தவணை தவணையாகப் போடுவது ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தடுப்பு மருந்து நோயைக் குணப்படுத்தும் மருந்து அல்ல. அது உடலுக்குக் கொடுக்கும் பாடம். செத்த கிருமி, வலுவிழந்த கிருமி, கிருமியின் ஒரு துண்டு, அல்லது நஞ்சு நீக்கப்பட்ட அதன் விஷம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று ஊசியில் இருக்கும். உடலைக் காக்கும் அணுக்கள் அதைப் பார்த்து, இது நம்மைச் சேர்ந்தது அல்ல என்று கண்டுகொள்கின்றன. அதை எதிர்க்கும் பொருளைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. அதன் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் அணுக்களும் உண்டாகின்றன.

ஆனால் ஒரு தடவை பார்த்த முகம் எத்தனை நாள் நினைவிருக்கும்? தோட்டத்துக்குப் புதிதாக வந்தவரை ஒரே ஒரு நாள் பெரட்டில் பார்த்தால், ஆறு மாதம் கழித்து அவரை அடையாளம் சொல்வது கடினம். இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. உடலும் அப்படித்தான். முதல் ஊசிக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கிவிடுகிறது. சில வாரங்கள் கழித்து இரண்டாவது ஊசி போடும்போது முன்னைவிட வேகமாகவும் உயரமாகவும் ஏறுகிறது. அடுத்த ஊசிகள் அதை நிலைநிறுத்துகின்றன. அந்த இடைவெளியும் வீணாகப் போகும் காலம் அல்ல. நன்றாக வேலை செய்யும் அணுக்களை உடல் தேர்ந்தெடுத்துப் பெருக்கிக்கொள்வது அந்த வாரங்களில்தான். ஆகவே மூன்று ஊசி மருந்தையும் ஒரே நாளில் சேர்த்துக் கொடுத்தால் மூன்று தவணையின் பலன் கிடைக்காது.

அப்படியானால் ஊசி ஒன்று, தவணை மட்டும் பல என்று செய்ய முடியுமா? ஒரே நாளில் உள்ளே போன மருந்தில் ஒரு பகுதி இன்றும், ஒரு பகுதி அடுத்த மாதமும், மற்றொரு பகுதி ஆறு மாதம் கழித்தும் வெளிப்பட வேண்டும். இதற்குத்தான் அந்த நுண்ணிய மணிகள்.

இந்த மணிகள் பாலிமர் என்னும் வகைப் பொருளால் ஆனவை. பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குப் பாலிமர் பழகிய பொருள்தான். ரப்பரே ஒரு பாலிமர். மரத்தை வெட்டியதும் மங்கில் வடியும் பாலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்த ரப்பர் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக மிதந்துகொண்டிருப்பதால்தான் பால் வெள்ளையாகத் தெரிகிறது. ஒவ்வொரு துகளுக்குள்ளும் நீண்ட சங்கிலிகள் இருக்கின்றன. ஒரே மாதிரியான சிறு கண்ணிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட சங்கிலி அது. இப்படிக் கண்ணிகள் கோத்து உண்டான பொருளுக்குத்தான் பாலிமர் என்று பெயர். பருத்தி நூலும் ஒரு பாலிமர், கடைக்காரர் கொடுக்கும் பிளாஸ்டிக் பையும் ஒரு பாலிமர்.

"பிளாஸ்டிக்கையா என் பிள்ளையின் உடம்பில் போடப் போகிறார்கள்?" என்று யாராவது பதறலாம். பதற வேண்டாம். சங்கிலி என்பது பொதுவான அமைப்பு. அது எந்தக் கண்ணியால் ஆனது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிளாஸ்டிக் பையின் கண்ணிகளை உடலால் அறுக்க முடியாது. மண்ணில் புதைத்தாலும் அது எளிதில் மக்காது. மருந்து மணிக்கு எடுத்துக்கொள்ளும் சங்கிலி வேறு. அதில் இரண்டு வகைக் கண்ணிகள் உண்டு. ஒன்று லாக்டிக் அமிலம். தயிருக்குப் புளிப்பைக் கொடுப்பது இதுதான். நாம் ஓடியாடி வேலை செய்யும்போது நம் தசைகளிலேயே இது உண்டாகிறது. மற்றொன்று கிளைகாலிக் அமிலம். கரும்பில் இருக்கும் பொருள் இது. இவ்விரண்டையும் கோத்து உண்டாக்கிய சங்கிலியைப் பி.எல்.ஜி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

இந்தச் சங்கிலியில் கண்ணிக்கும் கண்ணிக்கும் இடையே உள்ள பிணைப்பைத் தண்ணீரே அறுத்துவிடும். உடலில் நீருக்குக் குறைவில்லை. நீர் உள்ளே ஊறி, கண்ணி கண்ணியாக அறுத்து, கடைசியில் பழைய அமிலங்களே மிஞ்சுகின்றன. அவற்றை உடல் சாப்பாட்டைச் செரிப்பது போலவே மாற்றி, கரிவாயுவாகவும் தண்ணீராகவும் வெளியேற்றிவிடுகிறது. எதுவும் தங்குவதில்லை.

இது ஏட்டில் மட்டும் உள்ள செய்தி அல்ல. ஆஸ்பத்திரியில் தையல் போட்ட சிலருக்கு, "இதைப் பிரிக்க வர வேண்டாம், தானாகவே கரைந்துவிடும்" என்று டாக்டர் சொல்லியிருப்பார். பிள்ளை பெற்ற தாய்மார்கள் பலர் இதை அறிவார்கள். 1970-களின் தொடக்கத்திலிருந்தே இத்தகைய தையல் நூல்களை இதே குடும்பத்துப் பாலிமரால் செய்து வருகிறார்கள். அரை நூற்றாண்டாக மனித உடலில் கரைந்து பழகிய பொருள்தான் இது.

இனி மணியைச் செய்யும் விதத்தைப் பார்ப்போம். சைக்கிள் டியூப்பில் ஓட்டை விழுந்தால் ஒட்டுவதற்குச் சொலூஷன் தடவுகிறோம். அது எளிதில் ஆவியாகும் திரவத்தில் கரைத்த ரப்பர். தடவிய சற்று நேரத்தில் திரவம் ஆவியாகிப் போய் ரப்பர் மட்டும் நிற்கிறது. மருந்து மணியும் இதே முறையில்தான் உருவாகிறது. பாலிமரை ஆவியாகும் திரவத்தில் கரைத்து, அதில் தடுப்பு மருந்து கலந்த நீரைச் சேர்த்து வேகமாக அடித்துக் கலக்குவார்கள். அந்தக் கலவையை இன்னொரு நீரில் ஊற்றி மறுபடியும் கலக்குவார்கள். ரசத்தின் மேல் எண்ணெய் பொட்டுப் பொட்டாக மிதப்பது போல, பாலிமர்க் கலவை சின்னஞ்சிறு துளிகளாகப் பிரியும். திரவம் ஆவியானதும் ஒவ்வொரு துளியும் கெட்டியான மணியாகிவிடும். மருந்து உள்ளே அகப்பட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் அளவிலிருந்து, அதைப் போல் நூறு மடங்கு வரை பல அளவுகளில் இவற்றைச் செய்யலாம். தலைமுடியின் பருமனைவிடச் சிறிய மணிகள் சாதாரண ஊசி வழியாகவே உள்ளே போய்விடும்.

எந்த மணி எப்போது கரைய வேண்டும் என்பதை எப்படித் தீர்மானிப்பது? வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போடுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே நாளில் மூன்று பாத்தி போடுகிறோம். ஒன்றில் கீரை, ஒன்றில் வெண்டை, ஒன்றில் மரவள்ளி. நட்டது ஒரே நாள். ஆனால் கீரை ஒரு மாதத்தில் வருகிறது, வெண்டை இரண்டு மாதம் போல எடுக்கிறது, மரவள்ளிக் கிழங்குக்கு ஒன்பது பத்து மாதம் காத்திருக்கிறோம். வகை மாறினால் காலம் மாறுகிறது.

மணியில் அந்த வகையை மாற்றுவது இரண்டு கண்ணிகளின் விகிதம். லாக்டிக் பாதி, கிளைகாலிக் பாதி என்று கோத்தால் சங்கிலி விரைவில், ஒன்றிரண்டு மாதங்களில் கரையும். லாக்டிக் பங்கைக் கூட்டினால் அது தண்ணீரை அவ்வளவாக ஏற்காது. அதனால் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். சங்கிலியின் நீளத்தைக் கூட்டினாலும் காலம் கூடும். ஆகவே இரண்டு மூன்று வகை மணிகளைக் கலந்து ஒரே ஊசியில் ஏற்றிவிட்டால், ஒவ்வொன்றும் தன் தன் காலத்தில் கரைந்து மருந்தை விடும். தாதி போட வேண்டிய இரண்டாவது, மூன்றாவது ஊசியை மணியே போட்டுவிடும்.

இந்த மணிகளால் இன்னொரு நன்மையும் உண்டு. நம் உடலில் அந்நியப் பொருளை விழுங்கும் அணுக்கள் இருக்கின்றன. அவை தாம் விழுங்கியதைத் துண்டு துண்டாக்கி மற்ற காவல் அணுக்களுக்கு எடுத்துக் காட்டும். தண்ணீரில் கரைந்து கிடக்கும் மருந்தைவிட, கிருமியின் அளவில் உள்ள ஒரு துகள் அவற்றின் கண்ணில் எளிதாகப் படுகிறது. சிறிய மணிகளை அவை விழுங்கிப் பாடத்தை உடனே தொடங்கிவைக்கின்றன. பெரிய மணிகளை விழுங்க முடியாது. அவை ஊசி போட்ட இடத்திலேயே தங்கிச் சிறிது சிறிதாக மருந்தை விடுகின்றன.

இந்த எண்ணம் எப்போது தோன்றியது? அமெரிக்காவில் ராபர்ட் லாங்கர், ஜூடா ஃபோக்மன் என்னும் இருவர், புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளையும் பாலிமருக்குள் அடைத்து மெல்ல மெல்ல வெளிவரச் செய்யலாம் என்று 1976-ஆம் ஆண்டில் காட்டினார்கள். அதுவரை அது நடக்காத காரியம் என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1979-இல் லாங்கரும் இன்னொருவரும் அதே வழியில் சுண்டெலிகளில் சோதனை செய்தார்கள். ஒரே தடவை உள்ளே வைத்த பொருள், எதிர்ப்புச் சக்தியைப் பல மாதங்கள் நிலைக்கச் செய்தது. ஆனால் அன்று எடுத்துக்கொண்ட பாலிமர் உடலில் கரையாத வகை. அதனால் கரையும் வகையின் பக்கம் கவனம் திரும்பியது.

வேறு மருந்துகளில் இந்த முறை வெற்றியும் கண்டது. ஆண்களுக்கு வரும் ஒரு வகைப் புற்றுநோய்க்குத் தினமும் போட வேண்டியிருந்த மருந்தைக் கரையும் மணிகளில் அடைத்து, மாதம் ஓர் ஊசியாக மாற்றினார்கள். 1989-இல் அமெரிக்க அரசு அதை அனுமதித்தது. இன்றும் அது வழக்கில் இருக்கிறது.

மருந்துக்கு முடிந்தது தடுப்பு மருந்துக்கும் முடியும் என்று எல்லோரும் நம்பினார்கள். 1990-களில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு இசிவு நோய்த் தடுப்பு மருந்தில் முயன்றார்கள். அந்த நோயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இசிவு நோய்க் கிருமி மண்ணில் வாழ்வது. துருப்பிடித்த ஆணி, முள், கத்தி வெட்டு எதன் வழியாகவும் உள்ளே போகும். சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடியை அறுத்தால் பிறந்த குழந்தைக்கும் வந்துவிடும். தாய்க்கு முன்கூட்டியே ஊசி போட்டால் குழந்தையைக் காக்கலாம். ஆனால் முன்பு ஊசியே போடாத தாய்க்கு ஒன்று போதாது, குறைந்தது இரண்டு வேண்டும். ஏழை நாடுகளில் எத்தனையோ தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் ஒரே ஒரு தடவைதான் தாதியைப் பார்க்கிறார்கள். ஒரே ஊசியில் வேலை முடிந்தால் எத்தனை உயிர் பிழைக்கும்!

முயற்சி நல்ல முயற்சி. ஆனால் காரியம் கைகூடவில்லை. காரணத்தைக் கவனியுங்கள். தடுப்பு மருந்தைக் கிளினிக்கில் ஐஸ்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துக் காக்கிறார்கள். வெளியே வைத்தால் அது மெல்லக் கெட்டுப்போகும். அப்படிப்பட்ட பொருளை மணிக்குள் அடைத்து 37 டிகிரி உள்ள உடம்பின் சூட்டில், ஈரத்தில், மாதக்கணக்கில் விட்டுவைக்க வேண்டும். போதாக்குறைக்கு, மணி கரையும்போது உண்டாகும் அமிலம் உள்ளேயே தேங்கி மருந்தைப் புளிக்கவைக்கிறது. மணியைச் செய்யும்போது சேர்க்கும் ஆவியாகும் திரவமும் மருந்தைச் சிதைக்கிறது. ஆக, முதல் பங்கு நன்றாக வெளிவந்தாலும் பிந்திய பங்குகள் வலுவிழந்தே வந்தன. கிருமி ஒட்டாமல் பெரிய அளவில் இதைத் தயாரிப்பதும் செலவு மிகுந்த வேலை.

விஞ்ஞானிகள் விட்டுவிடவில்லை. அமிலத்தைத் தணிக்க உப்புகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மருந்தைக் காக்கச் சர்க்கரை வகைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2017-இல் லாங்கரின் குழுவினர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து வேறொரு வழியை அறிவித்தார்கள். துளிகளை மணியாக்குவதற்குப் பதில், அரை மில்லிமீட்டருக்கும் சிறிய பாலிமர்க் கிண்ணங்களை அச்சில் வார்த்து, அதில் மருந்தை நிரப்பி, மேலே மூடியைப் பொருத்திச் சூட்டினால் ஒட்டினார்கள். கிண்ணம் கரைந்து உடையும்வரை மருந்து கசிவதில்லை. உடைந்ததும் ஒரேயடியாக வெளிவருகிறது, ஊசி போட்டது போலவே. சுண்டெலிகளில் சோதித்தபோது ஒரு வகைக் கிண்ணம் 9-ஆவது நாளிலும், மற்றொன்று 20-ஆவது நாளிலும், இன்னொன்று 41-ஆவது நாளிலும் திறந்தன. மருந்தைச் சூட்டிலிருந்து காக்கும் வேலை இதிலும் தேவைப்படுகிறது.

இதில் யோசிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. சாதாரணமாக, முதல் ஊசி ஒரு குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டர் அடுத்த தவணையை நிறுத்திவைப்பார். மணியாக உள்ளே போய்விட்ட தவணையைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் இது முழுக்க முழுக்கப் பாதுகாப்பானது என்று தெரிந்த பின்னரே குழந்தைகளுக்குப் போட முடியும். காலம் ஆவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு சந்தேகத்தையும் இங்கே தீர்த்துக்கொள்வோம். கோவிட் காலத்தில் போட்ட சில ஊசிகளிலும் நுண்ணிய துகள்கள் இருந்தன என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை கொழுப்பால் ஆன துகள்கள். உள்ளே இருந்த மருந்தை அணுக்களுக்குள் கொண்டுசேர்ப்பது அவற்றின் வேலை. மாதக்கணக்கில் காத்திருந்து தவணை கொடுக்கும் மணிகள் அல்ல அவை.

ஆகவே நேயர்களே, இன்றைய நிலை இதுதான். கரையும் மணிகளில் அடைத்த தடுப்பு மருந்து இன்னும் ஆராய்ச்சிச் சாலையில்தான் இருக்கிறது. உங்கள் குழந்தைக்குப் போடும் ஊசி எதிலும் அது இல்லை. நாளை அது வரலாம். ஆனால் கிருமி நாளைவரை காத்திருப்பதில்லை.

1992-க்குப் பிறகு மலேசியாவில் இளம்பிள்ளை வாதம் யாரையும் தாக்கவில்லை. அந்த நோய் ஒழிந்தது என்றே எல்லோரும் இருந்தோம். 27 ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பரில், சபாவில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு அது வந்தது. அங்கே பரவியது, தடுப்பு மருந்து போதிய அளவு போடாத இடங்களில் தலையெடுக்கும் வகைக் கிருமி. வீடு வீடாகப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்து, அந்தப் பரவலை 2021-இல்தான் முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். விடுபட்ட தவணை ஒரு வீட்டோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

தாய்மார்கள் சில விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தவணை தப்பிவிட்டதா? "நாள் கடந்துவிட்டது, தாதி ஏசுவார்" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பொதுவாக எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடிய சீக்கிரம் போய்க் கேளுங்கள். வேறு தோட்டத்துக்கோ தாமானுக்கோ மாறினால், அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரத்தோடு அந்தப் புத்தகத்தையும் சேர்த்து வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள கிளினிக்கில் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். ஊசி போட்ட இடம் சற்றுச் சிவந்து வீங்கினாலோ, ஓரிரு நாள் இலேசாகச் சுரம் அடித்தாலோ அடுத்த ஊசியை நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் அது உடல் பாடம் கற்கும் அடையாளம்தான். சுரம் கடுமையானாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள். தந்தைமார்களும் ஊசி நாளைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். அன்று ஒரு வேளை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது தாயின் வேலை மட்டும் அல்ல.

ஒரே ஊசியில் பல தவணை என்பது வரவேண்டிய நல்ல காலம். அது வரும்வரை அந்த மணிகள் செய்ய வேண்டிய வேலையைப் பெற்றோராகிய நாம்தான் செய்ய வேண்டும். உரிய மாதத்தில், உரிய நாளில், பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அந்த வேலை.